ஆசிரியரின் கையில் ஐந்நூறு ரூபாய்

ஒரு பள்ளிக்கூடத்திற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால், உறுதியான கட்டடம் வேண்டும், போதிய ஆசிரியர்கள் வேண்டும், பாடநூல்கள் வேண்டும், குடிநீரும் கழிப்பிடமும் வேண்டும் என்று நாம் அனைவரும் தயங்காமல் விடை கூறுவோம். இவை இன்றிப் பள்ளி இல்லை. இவற்றை அளிப்பது அரசின் கடமை என்பதிலும் இருவேறு கருத்து இல்லை. எனினும், இவை யாவும் அமைந்த பின்னரும் ஒரு வகுப்பறை உயிரற்றுக் கிடக்கக் கூடும். ஆசிரியர் நூலைப் படிக்க, பிள்ளைகள் திரும்பச் சொல்ல, மணி அடிக்க, நாள் முடிந்துவிடும்.

அந்த வகுப்பறைக்கு உயிரூட்டும் பொருள் பெரும்பாலும் மிகச் சிறியதாகவே இருக்கும். நான்காம் வகுப்பிற்குப் பின்னக் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியை, காகிதத் தட்டுகளைப் பாதியாகவும் காலாகவும் வெட்டிப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால் பாடம் எளிதில் விளங்கும் என்று எண்ணுகிறார். அறிவியல் ஆசிரியர், நான்கு பேருக்கு ஒன்றாகப் பூதக்கண்ணாடிகள் வாங்கிக் கொடுத்து, பள்ளித் தோட்டத்து எறும்புப் புற்றருகே வகுப்பை அமர்த்த விரும்புகிறார். தமிழாசிரியர், பாடத்திலுள்ள கதையை நாடகமாக்கச் சில முகமூடிகளைத் தேடுகிறார். இவற்றுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாயே. ஆனால் அந்தச் சில நூறு ரூபாயை எந்தக் கணக்கில் எழுதுவது? யாரிடம் கேட்பது? ஆர்வமிக்க ஆசிரியர்கள் பலர் தம் சம்பளத்திலிருந்தே செலவிட்டுக்கொள்கின்றனர். குடும்பச் சுமை மிகுந்தோர் அந்த எண்ணத்தையே கைவிட்டுவிடுகின்றனர். கைவிடப்பட்ட எண்ணத்திற்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. ஆகவே அதன் இழப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை.

அந்தச் சிறு தொகையைப் பற்றியும், தாம்பரத்தைச் சுற்றி வாழும் நாம் அதன் பொருட்டு என்ன செய்யலாம் என்பதைப் பற்றியும் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

ஊரார் கொடுத்த காலம்

அரசினர் பள்ளிக்கு ஊரார் கைகொடுப்பது நம் நாட்டிற்குப் புதிய வழக்கமன்று. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த நாள்களில், 1958-ஆம் ஆண்டு, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு ஒன்று கூடியது. சுந்தரவடிவேலும் அதே மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவரே. தாம்பரமும் பல்லாவரமும் அக்காலத்தில் அந்த மாவட்டத்தையே சேர்ந்திருந்தன. ஆகவே அந்த இயக்கம் நம் வீட்டு முற்றத்தில் தொடங்கியது என்று சொன்னாலும் மிகையாகாது.

அதன் முறை எளிமையானது. பள்ளிக்கு வேண்டியவை எவை, அவற்றுக்கு எவ்வளவு ஆகும் என்பதை முதலில் பட்டியலிடுவர். ஊர் மக்கள் அவரவர் வசதிக்கேற்பப் பட்டியலில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வர். ஒருவர் கரும்பலகை தருவார். மற்றொருவர் பெஞ்சுப் பலகை தருவார். இன்னொருவர் கடிகாரமோ நிலப்படமோ தருவார். கடம்பத்தூரைத் தொடர்ந்து மாநிலத்தின் பிற பகுதிகளிலும் இத்தகைய மாநாடுகள் நடைபெற்றன. செல்வர் மட்டுமே கொடுத்த இயக்கமன்று அது. தம் பெயரை எழுதத் தெரியாதவர்களும் தம் ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்தார்கள்.

ஆயினும் அந்நாளில் கேட்டதும் கொடுத்ததும் பெரும்பாலும் தளவாடங்களே. பள்ளிக்கு உடல் தேடிய காலம் அது. உள்ளே நடக்கும் பாடத்திற்கு உயிர் தேடும் முயற்சி பின்னரே வந்தது.

பெட்டி வந்தது, பூட்டும் வந்தது

1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987-88-இல் கரும்பலகைத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. எந்தத் தொடக்கப் பள்ளியிலும் குறைந்தது 2 அறைகள், 2 ஆசிரியர்கள், இன்றியமையாத கற்பித்தல் கருவிகள் ஆகியவை இருத்தல் வேண்டும் என்பது அதன் நோக்கம். நிலப்படம், உலக உருண்டை, அறிவியல் பெட்டி, கணக்குப் பெட்டி, விளையாட்டுப் பொருள்கள், இசைக் கருவிகள் எனப் பல பொருள்கள் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன.

நல்ல நோக்கம்தான். ஆனால் நாட்டின் பல இடங்களில் அந்தப் பெட்டிகள் தலைமையாசிரியரின் அலமாரியிலேயே தங்கிவிட்டன. ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால் தணிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது என்ற அச்சம் ஒருபுறம். அக்கருவியைக் கொண்டு என்ன செய்வது என்ற பயிற்சி இல்லாமை மறுபுறம். எல்லாவற்றிற்கும் மேலாக, அவற்றைத் தெரிவு செய்தவர்கள் அந்த வகுப்பறைக்கு வெகு தொலைவில் இருந்தார்கள். ஆசிரியர் கேளாத பொருளை ஆசிரியரிடம் கொடுத்தால், அவர் அதற்குக் காவலாளி ஆகிறாரேயன்றி அதைப் பயன்படுத்துபவர் ஆவதில்லை.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதாலோ என்னவோ, 1994-இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தில் வேறொரு வழி கையாளப்பட்டது. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய்! தம் வகுப்பிற்கு வேண்டிய துணைக்கருவிகளைத் தாமே செய்துகொள்ள, தாமே வாங்கிக்கொள்ள அளிக்கப்பட்ட தொகை அது. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் நாடெங்கும் செயற்படத் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கமும் அதே ஏற்பாட்டை மேற்கொண்டது. பள்ளிக்குரிய மானியம் வேறு. பராமரிப்பு மானியம் வேறு. ஆசிரியருக்குரிய இந்த 500 ரூபாய் வேறு.

தொகை சிறியதே. அதைக் கொண்டு தேர்வாளர் வரும் நாளில் சுவரில் தொங்கவிடப் படங்கள் மட்டும் வாங்கி வைத்தவர்களும் உண்டு. எனினும் அதன் உட்பொருள் பெரிது. ‘உம் வகுப்பிற்கு எது வேண்டும் என்பதை நீரே அறிவீர்; உம்மை நம்புகிறோம்’ என்று ஒரு பெரிய அரசு ஓர் எளிய தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் சொன்ன சொல் அது.

நம்பிக்கை பெற்ற ஆசிரியர் என்ன செய்வார் என்பதற்குச் சென்னையே சான்று. 2003-ஆம் ஆண்டு, மாநகராட்சி ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியால், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. ஆந்திர மாநிலத்து ரிஷி வேலியில் அம்முறையைக் கண்டு வந்த ஆசிரியர்கள், நம் பாடங்களுக்கேற்ற கற்றல் அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் கற்றார்கள். அவர்கள் கைக்கெட்டும் உயரத்திலேயே கரும்பலகை அமைந்தது. 2007-08-இல் அம்முறை மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. பின்னர்த் திட்டங்கள் மாறின, பெயர்களும் மாறின. ஆயினும் மாநிலம் முழுவதும் சென்ற ஒரு முறைக்கு வித்திட்டவை அட்டையும் கத்தரிக்கோலும் கொண்டு உழைத்த ஆசிரியர்களின் கைகளே என்பது மறக்கத் தகாதது.

ஐந்நூறு மறைந்த விதம்

1994-இல் 500 ரூபாயாக இருந்த அத்தொகை, கால் நூற்றாண்டை எட்டும் வரையிலும் 500 ரூபாயாகவே இருந்தது. அரிசியின் விலை ஏறியது. அட்டையின் விலையும் ஏறியது. அத்தொகை மட்டும் ஏறவில்லை. 2018-ஆம் ஆண்டு, அனைவருக்கும் கல்வி இயக்கமும் இடைநிலைக் கல்வித் திட்டமும் ஒன்றாக்கப்பட்டு ‘சமக்ர சிக்ஷா’ என்ற ஒருங்கிணைந்த திட்டம் வந்தபோது, ஆசிரியருக்கெனத் தனியே இருந்த அந்த 500 ரூபாயும் மறைந்தது. எல்லா மானியங்களும் சேர்ந்து ஒரே பள்ளி மானியமாயின.

மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து இந்த மானியம் அமைகிறது. 101 முதல் 250 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். 1,000 வரை உள்ள பள்ளிக்கு 75,000. அதற்கும் மேற்பட்டால் 1,00,000. மிகச் சிறிய பள்ளிகளுக்கு 10,000 அல்லது 25,000. இதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிடல் வேண்டும். மின்கட்டணம், தண்ணீர், இணையத் தொடர்பு, சுண்ணக்கட்டி, உடைந்தவற்றைப் பழுது பார்த்தல், ஆய்வக மற்றும் விளையாட்டுப் பொருள்கள், கற்பித்தல் கருவிகள் அனைத்தும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

இல்லத்தரசிகள் இக்கணக்கை உடனே புரிந்துகொள்வார்கள். வாடகை, மளிகை, மருந்து என எல்லாச் செலவும் ஒரே பையிலிருந்து போகும்போது, கடைசியில் எது நிற்கும்? பிள்ளைக்கு வாங்குவதாகச் சொன்ன வண்ணப் பெட்டிதான் நிற்கும். மின்கட்டணம் கட்டாவிட்டால் விளக்கு அணைந்துவிடும்; அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆசிரியையின் முகமூடி நாடகம் நின்றுபோனால் யாருக்குத் தெரியும்?

அந்த மானியமும் தடையின்றி வரும் என்பதற்கு உறுதியில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தை ஏற்பது குறித்து மத்திய, மாநில அரசுகளுக்கிடையே எழுந்த கருத்து வேறுபாட்டால், 2024-25-ஆம் ஆண்டிற்கெனத் தமிழ்நாட்டிற்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி, ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய், நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. வழக்கின் நியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பெரிய இடத்துப் பிணக்கில் முதலில் வற்றுவது வகுப்பறையின் சிறு ஊற்றே என்பதை மட்டும் சுட்டிக் காட்டுகிறோம்.

பிற இடங்களில் நடப்பது

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராயிருந்த சார்லஸ் பெஸ்ட் என்னும் இளைஞர், 2000-ஆம் ஆண்டில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய ஆசிரியர்களும் நல்ல எண்ணங்களை வைத்துக்கொண்டு காசின்றித் தவித்தவர்களே. ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பிற்கு வேண்டியதையும் அதன் காரணத்தையும் விலையையும் எழுதி ஓர் இணையப் பக்கத்தில் இடுவர். விரும்புவோர் தமக்குப் பிடித்த முயற்சிக்கு இயன்றதைத் தருவர். அந்த அமைப்பு பணத்தை ஆசிரியரிடம் கொடாமல், கேட்ட பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பும். பிள்ளைகள் நன்றி மடல் எழுதுவார்கள். ‘டோனர்ஸ்சூஸ்’ என்னும் அவ்வமைப்பின் வழியே இதுவரை 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட உதவி பள்ளிகளைச் சென்றடைந்துள்ளது. செல்வம் மிகுந்த அந்த நாட்டிலேயே ஆசிரியர் இவ்வாறு கேட்க வேண்டியிருக்கிறது என்பது வருந்தத் தக்கது. எனினும், கேட்பதற்கு ஒரு வழி இருந்தால் கொடுப்பதற்கு மனிதர் இருக்கின்றனர் என்பது மகிழத் தக்கது.

நம் நாட்டிலும் வழிகள் இல்லாமல் இல்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘இன்ஸ்பயர் மானக்’ விருதுத் திட்டத்தில், பள்ளி மாணவர் தாமே சிந்தித்த புதிய கருத்தொன்றைப் பள்ளியின் வாயிலாக அனுப்பலாம். தெரிவு செய்யப்பட்டால், அதை மாதிரியாகச் செய்து காட்டுவதற்கு 10,000 ரூபாய் அந்தப் பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படும். மாவட்டக் கண்காட்சியில் தொடங்கித் தேசியக் கண்காட்சி வரை செல்லும் வாய்ப்பும் உண்டு. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் மகளும் இதற்கு உரியவளே. ஆனால் இச்செய்தி அவள் வீட்டை எட்டுகிறதா?

மாநில அரசு 2022 நவம்பர் 28-இல் ‘வானவில் மன்றம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 6 முதல் 8 வகுப்பு வரை பயிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அறிவியல், கணிதச் சோதனைகளைக் கையாற் செய்து பார்க்க வழிசெய்தது. அதே ஆண்டு டிசம்பர் 19-இல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ தொடங்கப்பெற்றது. முன்னாள் மாணவரும் பிற நல்லோரும் தாம் விரும்பும் அரசுப் பள்ளிக்கு நன்கொடை அளிக்க ஏற்பட்ட அமைப்பு அது. கடம்பத்தூர் மாநாட்டின் பேரப்பிள்ளை என்று அதனைக் கூறலாம்.

குறைந்த செலவில் அறிவியல் கற்பிக்கலாம் என்பதற்கும் நம் நாட்டில் நீண்ட மரபு உண்டு. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், சிற்றூர்ச் சந்தையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சோதனைகளை அமைத்தது. அங்குச் சென்று பணியாற்றிய பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்யக் கற்றுக் கொடுத்தார். இரண்டும் ஒரே தெருவில் வாங்கக் கூடியவை.

நம் புறநகரமே ஒரு பாடநூல்

இனி நம் பகுதிக்கு வருவோம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. இப்பகுதியில் அரசுப் பள்ளிகள் பல உள்ளன. கொத்தனார், சித்தாள், ஆட்டோ ஓட்டுநர், தோல் தொழிற்கூடத் தொழிலாளி, வீட்டு வேலை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகளும், வேலை தேடி வந்த வடமாநிலத்தார் பிள்ளைகளும் அங்குக் கற்கின்றனர். ஓரளவு வசதி பெற்ற குடும்பங்கள் தனியார் பள்ளிகளை நாடிச் சென்றுவிட்டன. ஆகவே அரசுப் பள்ளிக்காகக் குரல் கொடுக்கக் கூடியவர்கள் அதன் வாயிலில் இல்லை. சிறு உதவி இங்கே பெரிதாகப் பயன்படுவதற்கு இதுவே காரணம்.

ஓர் ஆசிரியர் ஐந்நூறு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, நம் புறநகரத்தையே பாடநூலாக்க எண்ணினால் என்னென்ன செய்யலாம்? சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, மழை. 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியதை இன்றைய பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் மறக்கவில்லை. ஆனால் 49 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? நேரான பக்கங்களையுடைய ஒரு பிளாஸ்டிக் புட்டியின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்து, அடியைச் சமப்படுத்தி, அளவுகோலின் நகலை ஒட்டினால் மழைமானி ஆயிற்று. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10 லிட்டர் நீர். அப்படியானால் 20 அடிக்கு 20 அடி உள்ள ஒரு வகுப்பறையின் கூரை மீது அன்று விழுந்தது ஏறத்தாழ 18,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் ஒன்றரை லாரி! கோடையில் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரக் காத்திருக்கும் பிள்ளை இக்கணக்கைப் போட்டுவிட்டால், மழைநீர்ச் சேமிப்பைப் பற்றி அதற்குத் தனியே சொற்பொழிவு தேவையில்லை. ஏரிகளின் பாடமும் அங்கிருந்தே தொடங்கலாம். சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்வது. அச்சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புப் பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. தம் தெருவின் நீர் எங்கே போகிறது என்று பிள்ளைகள் ஒரு பெரிய தாளில் வரைந்து பார்க்கலாம். செலவு, தாளும் வண்ணமும்.

இரண்டாவது, கல். 1863 மே 30-ஆம் நாள், நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளைக்கற்கள் தோண்டிய குழியொன்றில் மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்ட பழைய கற்காலக் கருவி அதுவே. நாட்டின் தொல்பழங்கால வரலாறு நம் பல்லாவரத்து மண்ணில் கண் திறந்தது என்பது அங்குப் படிக்கும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படும் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் அவ்வகைப் பாறையாயிருந்ததால், 1893-இல் அறிஞர் ஹாலந்து அப்பெயரைச் சூட்டினார். முட்டைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைத் தட்டில் 30 குழிகள் இருக்கும். பிள்ளைகள் வழியில் கண்ட 30 கற்களை அதில் வைத்து, எங்கே எடுத்தது, என்ன நிறம், நீரில் போட்டால் என்ன ஆகிறது என்று சீட்டு எழுதி ஒட்டினால், அது ஓர் அருங்காட்சியகம். பின்பு ஒருநாள் தாம்பரத்தில் மின்ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், ஃபூட் திரட்டிய பொருள்களை வைத்திருக்கும் அரசு அருங்காட்சியகத்தைக் காணலாம். அங்கே அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகச் செல்லமாட்டார்கள். தாமும் ஒரு தொகுப்பு வைத்திருப்பவர்களாகச் செல்வார்கள்.

மூன்றாவது, அளவு. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இமயம் வரை சென்ற மாபெரும் முக்கோண நிலஅளவை அந்தக் கோட்டிலிருந்தே பிறந்தது. ஒரு கயிறு, முடிச்சிட்ட அளவுகள், அட்டையில் செய்த கோணமானி ஆகிய மூன்றும் இருந்தால், விளையாட்டுத் திடலின் குறுக்கே நடவாமலேயே கொடிக்கம்பத்தின் தொலைவைப் பிள்ளைகள் கணிக்கலாம். முக்கோணப் பாடம் அப்போது தேர்வுக்கான பாடமாக மட்டும் நில்லாது.

நான்காவது, கைத்தொழில். அனகாபுத்தூர் நெசவாளர்கள் ஒரு காலத்தில் நைஜீரிய நாட்டிற்குக் கட்டம்போட்ட துணிகளை நெய்தவர்கள். வாழைநார் கொண்டும் சேலை நெய்து காட்டியவர்கள். ஓர் அட்டையின் இரு விளிம்பிலும் பல் வெட்டி நூல் சுற்றினால் சிறு தறி ஆகிவிடும். அவ்வூரின் முதிய நெசவாளர் ஒருவரை வகுப்பிற்கு அழைத்து, ஒரு மேல்துண்டு அணிவித்து, பிள்ளைகளுக்குப் பாவும் ஊடையும் காட்டச் செய்தால், அந்த மணி நேரத்திற்கு அவரே ஆசிரியர். தாத்தாவின் தொழில் பள்ளியில் மதிக்கப்படுவதைக் கண்ட பேரனின் முகத்தில் தோன்றும் ஒளிக்கு விலை இல்லை.

ஓர் ஐயமும் அதன் விடையும்

வாசக அன்பர்களில் சிலர் இங்கு ஓர் ஐயம் எழுப்பக் கூடும். ‘வரி செலுத்துகிறோம், பள்ளியை நடத்துவது அரசின் பொறுப்பு. நாம் கொடுத்தால் அரசு தன் கையை விலக்கிக்கொள்ளாதா?’ என்பர். நியாயமான கேள்வி. ஆகவேதான் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். ஆசிரியர் நியமனம், கட்டடம், கழிப்பிடம், குடிநீர், பாடநூல் ஆகியவை 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி பிள்ளைகளின் உரிமை. அவற்றை நன்கொடையால் நிரப்பப் புகுந்தால் உரிமை தருமமாகச் சுருங்கிவிடும். கூரை ஒழுகினால் மனு எழுதுவோம்; பெற்றோருடன் சேர்ந்து கேட்போம். நம் சிறு தொகை கூரைக்கன்று. கூரையின் கீழே ஆசிரியர் காணும் கனவிற்கு.

மற்றோர் ஆபத்தும் உண்டு. நன்றாக எழுதத் தெரிந்த, நான்கு பேரை அறிந்த ஆசிரியருக்கே உதவி மீண்டும் மீண்டும் போய்ச் சேரும். பேசத் தயங்கும் ஆசிரியர், சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பள்ளி ஆகியோரின் பக்கம் ஒருவரும் திரும்ப மாட்டார். எனவே கேட்டவருக்குக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், கேளாதவரிடம் சென்று கேட்பதும் நம் கடமையாகும்.

கொடுக்கும் முறை

நல்ல எண்ணத்தோடு கொடுத்தது பாழாகாமலிருக்கச் சில நெறிகளைக் கூறுகிறோம்.

1. முதலில் ஆசிரியரைக் கேளுங்கள். நம்மிடம் உள்ள பழைய பொருளைத் தள்ளிவிடும் இடமன்று பள்ளி. ‘இந்த ஆண்டு உங்கள் வகுப்பில் எதைச் செய்து பார்க்க விரும்புகிறீர்கள்?’ என்ற ஒரு வினா போதும்.

2. பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியே கொடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அமையும் அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப்பேர் பெண்கள். அரசிடமிருந்தும் உள்ளாட்சியிடமிருந்தும் வேறு எவ்வழியிலிருந்தும் வரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்பதைக் கண்காணிப்பது அதன் பணி. அக்குழுவின் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்பட்டால் ஆசிரியருக்குப் பாதுகாப்பு, கொடுத்தவருக்கும் நிறைவு.

3. கணக்கைச் சுருக்கமாகக் கேளுங்கள். 500 ரூபாய்க்கு 5 பக்க அறிக்கை வேண்டா. வாங்கிய சீட்டும், என்ன நடந்தது என்று ஆசிரியர் எழுதிய பத்து வரியும் போதும். ஏட்டுச் சுமை மிகுந்தால் அடுத்த ஆண்டு அவர் கேட்கவே மாட்டார்.

4. பெயர்ப் பலகை வேண்டா. பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுப்பதும் வேண்டா. பெறுகிறோம் என்ற கூச்சம் பிள்ளைகளின் மனத்தில் விழாதபடி கொடுப்பதே கொடை.

5. தோல்வியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மழைமானி கவிழ்ந்துவிடலாம், விதை முளைக்காமற் போகலாம். ஏன் முளைக்கவில்லை என்று வகுப்பு ஆராய்ந்தால் அப்பணம் வீணாகவில்லை.

6. ஆண்டுதோறும் கொடுங்கள். ஒருமுறை 10,000 கொடுத்து மறப்பதைவிட, ஆண்டுக்கு 500 வீதம் தொடர்ந்து கொடுப்பது ஆசிரியருக்குத் துணிவு தரும். அடுத்த ஆண்டும் வரும் என்று தெரிந்தால்தான் அவர் அடுத்த எண்ணத்தை எண்ணத் தொடங்குவார்.

7. பணம் இல்லாதோர் நேரத்தைக் கொடுங்கள். ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், செவிலியர், தச்சர், ரயில்வே ஊழியர் என நம் தெருக்களில் வாழ்வோரிடம் பிள்ளைகள் கேட்க வேண்டிய செய்திகள் ஏராளம். தலைமையாசிரியரின் இசைவோடு ஒரு மணி நேரம் சென்று பேசுவதும் ஒரு நன்கொடையே.

நம்மால் ஆகக் கூடியது

2016-இல் தொடங்கிய அடல் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை வழங்கப்படுகிறது. அவையும் வேண்டியவையே; குறை கூறவில்லை. ஆனால் அத்தொகையைப் பகிர்ந்தால் 4,000 ஆசிரியர்களின் கையில் ஐந்நூறு ரூபாய் வைக்கலாம் என்பதையும் நினைத்துப் பார்க்கிறோம். பெரியவற்றை அரசும் நிறுவனங்களும் செய்யட்டும். சிறியவற்றைச் செய்ய நாம் போதும்.

ஐந்து இல்லங்கள் சேர்ந்து, இல்லம் ஒன்றுக்கு மாதம் 10 ரூபாய் ஒதுக்கினால், பள்ளி நடக்கும் பத்து மாதங்களில் 500 ரூபாய் சேர்ந்துவிடும். ஒரு வேளைத் தேநீரைவிடக் குறைந்த இத்தொகையை எந்த இல்லமும் சுமையாகக் கருதாது. ஒரு தெருவில் இருபது இல்லங்கள் இருந்தால் நான்கு ஆசிரியர்கள். ஒரு பகுதியில் நூறு இல்லங்கள் இசைந்தால் இருபது ஆசிரியர்கள்.

‘நம் பிள்ளைகள் அப்பள்ளியில் படிக்கவில்லையே’ என்று எண்ண வேண்டா. நம் வீட்டுச் சுவரை எழுப்பியவரின் மகன் அங்கே படிக்கிறான். நம் பாத்திரத்தைத் துலக்குபவரின் மகள் அங்கே படிக்கிறாள். நாளை இந்தப் புறநகரத்தின் ஏரியைக் காப்பதோ தூர்ப்பதோ, நம் பிள்ளைகளும் அவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியதாகும். வரும் ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்போது, உங்கள் தெருவிற்கு மிக அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு ஒருமுறை செல்லுங்கள். தலைமையாசிரியரின் இசைவு பெற்று, ஏதேனும் ஒரு வகுப்பின் ஆசிரியரைக் கண்டு, அந்த ஒரு வினாவைக் கேளுங்கள். விடை ஆயத்தமாக இருக்கும். பல ஆண்டுகளாக அவர் அதை மனத்தில் வைத்திருப்பார்.